வலுவும் அச்சும்

காலபோக உழவு தொடங்கிவிட்டால் கிளிநொச்சி வயல்களில் உழவு இயந்திரத்தின் ஓசை ஓயாது. இரணைமடுக் குளத்தின் கீழுள்ள வயலொன்றில், மழை நாளொன்றிலே நாம் கண்ட காட்சி இது. சேற்றில் அகப்பட்ட இயந்திரத்தின் ஒரு பின்சக்கரம் வெறுமனே சுழல்கிறது. மற்றது அசையாது நிற்கிறது. "என்சினுக்குப் பலம் போதாது, ஐயா. பெரிய என்சின் பூட்டவேணும்" என்றான் அருகில் நின்ற இளைஞன். பலருடைய எண்ணமும் இதுவே. ஆயினும் குறை என்சினில் இல்லை.

வண்டி வளைவிலே திரும்பும்போது வெளிச்சக்கரம் உட்சக்கரத்திலும் கூடிய தூரம் ஓடவேண்டும். அதற்கு இடங்கொடுக்கும் பற்சக்கரத் தொகுதியே டிபரன்சியல். 1827 இல் பெக்கூர் என்னும் பிரெஞ்சுக்காரர் நீராவி வண்டிக்கென இதற்கு ஆக்கவுரிமை பெற்றார். இரு சக்கரங்களுக்கும் இது ஒரேயளவு முறுக்கு விசையையே பகிர்ந்தளிக்கும். வழுக்கும் சக்கரம் சிறு விசையையே ஏற்குமாதலின், மற்றதற்கும் அச்சிறு விசையே கிட்டும். என்சினைப் பெருப்பித்து ஆவதென்ன? காலடியிலுள்ள பூட்டு மிதியை அழுத்தினால் இரு சக்கரங்களும் ஒன்றாய்ச் சுழன்று இயந்திரம் கரையேறும். ஏறியதும் பூட்டை விடுவித்தல் வேண்டும். பூட்டியபடியே தார் வீதியில் திரும்பினால் அச்சுக்கு ஆபத்து.

வேகக் கார்ப் பிரியர்கள் இத்தகைய பாடத்தைப் பெரும்பொருள் செலவிட்டுக் கற்கிறார்கள். 2007 இல் வெளிவந்த நிசான் ஜி.டி.ஆர். காரின் வலு ஏறக்குறைய 480 குதிரைவலு. அதனை ஆயிரத்துக்கு மேல் உயர்த்துவோரும் உளர். ஏற்றிய வலு என்சினோடு நின்றுவிடுமா? முதற் கியரிலே முறுக்கு விசை பத்து மடங்குக்கு மேற் பெருகி, சக்கரங்களைச் சுழற்றும் அச்சுத்தண்டுகளில் வந்து விழுகிறது. ஆதலின் அவர்கள் தண்டையும் மாற்றுகிறார்கள். தண்டின் விட்டத்தைப் பத்திலொரு பங்கு கூட்டினால், முறுக்கைத் தாங்கும் வலிமை ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு கூடும்.

அடுத்து நெளிவது டிபரன்சியலைப் பிடித்திருக்கும் றப்பர்த் தாங்கி. அது நெளிந்தால் காரின் பின்புறம் துள்ளும். துள்ளலிலே தண்டு முறியவுங்கூடும். கடினமான தாங்கி பூட்டினால் நெளிவு குறையும். ஆனால் றப்பர் இதுவரை விழுங்கிய இரைச்சலும் அதிர்வும் காருக்குள்ளே புகும்.

கூட்டிய வலு மெலிந்த இடத்தைத் தேடிச் செல்லும் என்பதற்கு நம்மூரிலும் சான்றுண்டு. சுழல்கலப்பையை இயக்கும் தண்டிலே மெல்லிய ஆணியொன்று உண்டு. கல்லோ வேரோ தட்டினால் தான் முதலில் அறுந்து ஏனையவற்றைக் காப்பதே அதன் கடமை. நாம் அறிந்த கமக்காரர் ஒருவர், அடிக்கடி அறுகிறதே என்று சலித்து, அவ்விடத்தில் வலிய உருக்காணியைப் பூட்டினார். அடுத்து வந்த பாலை வேர் ஆணியை விட்டுவிட்டுக் கியர்ப்பெட்டியின் பற்களை உடைத்தது. அது திருத்தப்படு முன் விதைப்புக் காலம் கடந்துவிட்டது. சில ரூபா ஆணியைச் சேமிக்கப் போய், ஒரு போகத்தையே அக்குடும்பம் இழந்தது.

கராச்சிலே தொழில் பயிலும் தம்பிமாரே, எந்த உறுப்பையும் வலிதாக்குமுன் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: இது மெல்லியதாய் வைக்கப்பட்டது ஏன்? இது உடையாவிட்டால் அடுத்து உடைவது எது? விடை தெரிந்த பின் சாவியைக் கையிலெடுங்கள்.