திருவிழா தரும் ஏற்பு எத்தனை நாளைக்கு?

எழுதிவைத்த கதையோ ஏற்ற வேடமோ இன்றி, தம் உடலையே ஊடகமாக்கி ஒரு செயலைப் பார்ப்போர்முன் மெய்யாகவே செய்துகாட்டும் நிகழ்த்துகலை வடிவம், மதத்திலிருந்து விலகியோருக்கும் விளிம்புநிலைக் குழுக்களுக்கும் இக்காலச் சடங்காகிவிட்டது என்று கலை விமர்சகர்கள் சிலர் கருதுகின்றனர். 1974இல் நேப்பிள்ஸ் நகரில் மரினா அப்ரமோவிச், துப்பாக்கி உட்பட 72 பொருள்களைப் பரப்பிவைத்து, அவற்றைத் தம் உடல்மீது விரும்பியவாறு பயன்படுத்தலாம் எனப் பார்வையாளர்களுக்கு இசைவளித்து ஆறு மணி நேரம் அசையாது நின்றார்; நேரம் முடிந்து அவர் நடக்கத் தொடங்கியதும் கூட்டம் கலைந்தோடியது என அவரே கூறியுள்ளார். அந்தக் கூட்டம் பார்த்தது, தீண்டியது; பொறுப்பு எதையும் ஏற்கவில்லை.

பெரம்பலூர் மாவட்டத்தின் சிறுவாச்சூரில், வழக்கமாகத் திங்களும் வெள்ளியும் மட்டுமே நடை திறக்கும் மதுரகாளியம்மன் கோயிலில் இதற்கு மாறான நிலையைக் காணலாம். ஊறவைத்த அரிசியைக் கோயில் வளாகத்திலேயே உரலில் இடித்து, வெல்லம் சேர்த்துப் பிசைந்து, நடுவே குழித்து நெய்விட்டுத் திரியிட்டுப் பெண்கள் மாவிளக்கு ஏற்றுகின்றனர். வீட்டுக்குள் எவரும் பொருட்படுத்தாத அடுக்களை உழைப்பு இங்கே ஊரறிந்த வழிபாடாகிறது. உலக்கை பிடித்தவளின் திறமையை எடைபோட அங்கே எவரும் நிற்பதில்லை, அவள் நேர்ந்துகொண்டது நிறைவேறியதற்குச் சுற்றியிருப்போர் சாட்சியாகின்றனர்.

அந்தச் சாட்சியத்துக்கும் எல்லை உண்டு என்பதைக் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கூவாகம் காட்டுகிறது. களப்பலிக்கு முன் அரவானைக் கண்ணன் மோகினியாகி மணந்த கதையையொட்டி, சித்திரைத் திருவிழாவில் திருநங்கையரும் வேண்டுதல் உள்ள ஆண்களும் கூத்தாண்டவர் கோயிலில் பூசாரி கையால் தாலி கட்டிக்கொள்கின்றனர். மறுநாள் தேரோட்டம் முடிந்ததும் திருநங்கையர் தாலியறுத்து, வளையல் உடைத்து, ஒப்பாரி வைத்து, வெள்ளைப்புடவை உடுத்துகின்றனர். பழைய நிலை நீங்கிப் புதிய நிலை எய்தாத சடங்கின் இடைக்கட்டத்தில் சமூக விதிகள் தளர்கின்றன என்று மானிடவியலர் விக்டர் டர்னர் விளக்கினார். தளர்ந்த விதிகள் திருவிழா முடிந்ததும் மீண்டும் இறுகுகின்றன. கோயிலில் மணமகளாக ஏற்கப்பட்டவர் ஊர் திரும்பி வாடகைக்கு வீடு கேட்டால் கதவு சாத்தப்படுகிறது. சாமியாடும் பெண்ணின் வாக்குக்கு ஊர் பணிவதும் அருள் மலையேறும்வரைதான்.

இந்த இடைவெளியில்தான் மேடைக்கு வேலை இருக்கிறது. திருநர் உரிமைகளை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த 2014ஆம் ஆண்டிலேயே லிவிங் ஸ்மைல் வித்யா உள்ளிட்ட கலைஞர்கள் ‘பன்மை’ நாடகக் குழுவைத் தொடங்கி, தம் வாழ்வையே நிகழ்த்துபொருளாக்கினர். அங்கே அரவானின் பெயரால் கிடைக்கும் பாதுகாப்பு இல்லை. ஆயினும் நாடகம் முடிந்த பின்னும் திருநராகவே வாழ்பவர், பார்வையாளரைக் கேள்வி கேட்கும் நிலையில் இருக்கிறார்.

ஆகவே, நோவையும் மெய்ம்மறப்பையும் மட்டும் கொண்டு ஒரு நிகழ்வைச் சடங்கு என அளப்பது போதாது. கண்டவர் பின்னர் எதற்குக் கடமைப்படுகிறார் என்பதே தக்க அளவுகோல். கூவாகத்தில் ஓரிரவு கிடைக்கும் ஏற்பு, பள்ளிச் சேர்க்கையிலும் பணி நியமனத்திலும் வாடகை வீட்டிலும் தொடர வழிசெய்யாதவரை, அத்திருவிழாவைத் தன் பண்பாட்டுப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் தகுதி தமிழ்ச் சமூகத்துக்கு இல்லை.