பிச்சாவரத்து நெல் மதுரைக் களரில் வருமா?

கேள்வி: கண்மாய்க் கடைமடையில் ஒன்றரை ஏக்கர் நிலம். காய்ந்தால் மேலே வெள்ளையாகப் பூக்கிறது. இரண்டு போகமாக நட்ட பயிர் நுனி கருகி வீணாகிவிட்டது. பிச்சாவரத்தில் கடல் தண்ணீரிலேயே ஒரு நெல் வளர்கிறதாமே, அதன் விதை எங்கே கிடைக்கும்?
- வாசகர், திருநகர், மதுரை.

பதில்: அப்படி ஒரு செடி இருப்பது உண்மைதான். ஆனால் அது விளைச்சல் தரும் நெல் அல்ல, நெல்லின் காட்டுப் பங்காளி. தாவரப் பெயர் ஒரைசா கோஆர்க்டேட்டா. பழைய புத்தகங்களில் போர்ட்டரேசியா என்றிருக்கும். சுந்தரவனப் பகுதியில் 'தானி காஸ்', அதாவது நெல்புல் என்கிறார்கள். ஓதம் ஏறி இறங்கும் கழிமுகச் சேற்றில், அலையாத்தி மரங்களுக்கு முன்னால் வளரும். கோரையைப் போல மண்ணுக்குள் தண்டு ஓடித் தூர் கிளம்புவதால், சேற்றை இறுகப் பிடித்துக்கொள்ளும்.

வேர் வழியாக ஏறும் உப்பை இலையின் மேற்புறத்திலுள்ள நுண்மயிர்கள் வெளியே தள்ளிவிடுகின்றன. மழையும் ஓதமும் அதைக் கழுவிவிடும். நாம் நடும் நெல்லுக்கு இந்த வசதி கிடையாது. உப்பு இலையிலேயே தங்குவதால்தான் நுனி கருகுகிறது.

விதைக்கு அலைய வேண்டாம். மணிகள் குறைவு, முற்றினால் உதிர்ந்துவிடும், உலர்த்தினால் முளைப்புத்திறன் போய்விடும். சாக்கில் கட்டி வைக்கவே முடியாத விதை அது. நெல்லோடு ஒட்டுச் சேர்ப்பதும் லேசில்லை. நெல்லுக்குக் குரோமோசோம் 24, இதற்கு 48. பிலிப்பைன்சில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஐ.ஆர். 56 ரகத்தோடு 34,000 முறை கலப்பு செய்து, 3 கருக்களை மீட்டு, அதிலும் ஒன்றே பிழைத்ததாக 2013-இல் அறிவித்தது.

அதைவிட முக்கியம், கடல் உப்பும் வயல் உப்பும் எப்போதும் ஒன்றல்ல. கரையும் உப்பு மிகுந்தது உவர் நிலம். வடிகால் வெட்டி நல்ல தண்ணீர் கட்டிக் கழுவினால் திருந்தும். களரில் சோடியம் களிமண்ணோடு ஒட்டிக்கிடக்கும், கார அமில நிலை பெரும்பாலும் 8.5-க்கு மேல் இருக்கும். அதற்குத்தான் ஜிப்சம். வெள்ளைப் பூப்பை மட்டும் பார்த்து ஜிப்சம் மூட்டை இறக்குகிறவர்கள் நிறையப் பேர், காசுதான் கரையும்.

எனவே முதலில் வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் மண்ணைக் கொடுங்கள். ஆழ்குழாய்த் தண்ணீர் பாய்ச்சினால் அதையும் ஒரு பாட்டிலில் கொண்டுபோங்கள். தண்ணீரே கெட்டிருந்தால் எத்தனை முறை திருத்தினாலும் நிலம் பழையபடி ஆகிவிடும். களர் என்று முடிவு வந்தால், வயலைச் சமப்படுத்தி, வடிகால் எடுத்து, சிபாரிசு செய்த அளவு ஜிப்சத்தைத் தூவி உழுது, தண்ணீர் கட்டி வடியுங்கள். மூன்று நான்கு முறை இப்படிச் செய்யவேண்டும். வடிகால் இல்லாவிட்டால் இந்தச் செலவே வேண்டாம். பிறகு தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதுவிடுங்கள்.

களருக்கென்று திருச்சியில் உருவான டி.ஆர்.ஒய் 1, டி.ஆர்.ஒய் 3 ரகங்கள் இருக்கின்றன. நாற்றங்காலை மட்டும் அந்த வயலில் போடாமல் நல்ல மண்ணில் விடுங்கள். சற்று முதிர்ந்த நாற்றாகப் பறித்து, குத்துக்கு ஓரிரு நாற்று கூட்டி நடுங்கள்.