மறுப்புக் கடிதத்தைப் பூட்டி வைக்காதீர்!

அல்சூர் மதராஸ் சாப்பர்ஸ் படையில் பணியாற்றிவிட்டு, பெங்களூரிலேயே தங்கிவிட்ட தமிழர்கள் பலர். "உமது நோய்க்கும் ராணுவப் பணிக்கும் தொடர்பில்லை, ஊன பென்ஷன் கிடையாது" என்று கடிதம் வந்தால், அதைப் பெட்டியில் பூட்டி வைத்துவிடுகிறார்கள். இது தவறு.

தரம்வீர் சிங் என்ற சிப்பாய் வலிப்பு நோயால் 1994-ல் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். பென்ஷன் மறுக்கப்பட்டது. அவர் ஓயவில்லை. 2013-ல் சுப்ரீம் கோர்ட்டில் வென்றார். படையில் சேரும்போது பதிவாகாத நோய் பணியால் வந்ததாகவே கருதப்படும்; இல்லையென்று காட்டுவது அரசின் பொறுப்பு என்றது கோர்ட். 2023 செப்டம்பருக்குப் பின் வெளிவந்தவர்களுக்கு விதி வேறு.

முதல் அப்பீல், இரண்டாம் அப்பீல், பிறகு ராணுவத் தீர்ப்பாயம் என வழி இருக்கிறது. தாமதம் கூடாது.

குமாஸ்தா நண்பர்களே! பக்கத்து வீட்டு முன்னாள் சிப்பாய்க்கு ஒரு மனு எழுதிக் கொடுங்கள். அது நம் கடமை.