கியர் பாக்ஸைத் திறந்த பிறகு

நாமக்கல், சங்ககிரிப் பக்கங்களில் லாரித் தொழிலையே ஜீவனோபாயமாகக் கொண்டு, கடன் வாங்கிப் பழைய வண்டி ஒன்றை வாங்குகிற சிறு முதலாளிகள், அதன் கியர் பாக்ஸை எவ்வளவு தூரம் புதுப்பிப்பது என்ற கேள்விக்குப் பெரும்பாலும் கையிருப்பைப் பார்த்தே விடை சொல்லிவிடுகிறார்கள். பணம் இருந்தால் சகலத்தையும் மாற்றுவது, இல்லாவிட்டால் இரைகிற ஒரு பேரிங்கை மட்டும் மாற்றி மூடிவிடுவது. இரண்டுமே நஷ்டத்தில்தான் முடியும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

பெட்டியை இறக்கி ஏற்றும் கூலியும், வண்டி பட்டறையில் நிற்கும் நாட்களின் வாடகை இழப்பும் ஒவ்வொரு தடவையும் குறையாமல் வந்து நிற்பவையாதலால், அடுத்த தடவை இறக்கும்வரை தாங்காது என்று தோன்றுவதை இப்போதே மாற்றிவிடுவதும், தாங்கக்கூடியதைத் தொடாமல் விடுவதுமே நியாயமான அளவுகோல். அதன்படி, எத்தனை லட்சம் கிலோமீட்டர் ஓடியது என்ற பூர்வ சரித்திரம் தெரியாத பெட்டியில் பேரிங்குகளும் ஆயில் சீல்களும் புதிதாகவே வேண்டும். அதில் விவாதத்துக்கு இடமில்லை.

மற்றவற்றைப் பிரத்தியட்சமாகப் பார்த்தே நிர்ணயிக்க வேண்டும். அந்தப் பரிசீலனை பழைய ஆயிலை வடிக்கும்போதே தொடங்குகிறது. டிரெயின் பிளக்கின் காந்தத்தில் படிந்திருக்கும் சாம்பல் நிறக் குழைவு சகஜமான தேய்மானம். ஆயிலைத் தட்டில் ஊற்றி வெயிலில் சாய்க்கையில், காந்தத்தில் ஒட்டாத பொன்னிறத் துகள் மின்னுமாயின் பித்தளையாலான சிங்க்ரோ ரிங்குகள் கரைந்திருக்கின்றன. விரலில் குத்தும் இரும்புச் செதில் அகப்பட்டால் பேரிங்கோ பல்லோ பெயர்ந்திருக்கிறது. கந்தகச் சேர்க்கை மிகுந்த டிஃபரன்ஷியல் ஆயிலையே கியர் பாக்ஸிலும் ஊற்றும் வழக்கம் பித்தளை ரிங்குகளை அரிக்கக்கூடியது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

பற்சக்கரங்களில் மேல்தோல் மட்டுமே கடினமாக்கப்பட்டது. உள்ளே இருப்பது அதைவிட மிருதுவான எஃகு. ஆகவே பல்லின் முகத்தில் அம்மைத் தழும்பு போலக் குழிகள் விழுந்து அந்தத் தோல் உரியத் தொடங்கிவிட்டால், தேய்த்து மெருகேற்றுவது வீண். அந்தச் சக்கரத்தை அதனோடு சேர்ந்து சுழலும் ஜோடியோடு மாற்றுவதே முறை. குழியோ விரிசலோ இல்லாமல், பளபளப்பாகச் சீராகத் தேய்ந்த பல் இன்னும் உழைக்கும். அதையும் கழற்றி எறியச் சொல்லும் மெக்கானிக்கிடம் காரணம் கேட்க முதலாளிக்குச் சர்வ உரிமையும் உண்டு.

ஆனால் கியர் தானாக நழுவுகிறது என்றால், கியரை அதன் இடத்தில் பிடித்து நிறுத்தும் ஸ்பிரிங்கையும் குண்டையும் மட்டும் மாற்றித் திருப்தியடையக் கூடாது. ஃபோர்க்கின் தேய்மானத்தையும், ஸ்லீவும் சக்கரமும் கவ்வும் பற்களின் முனை மழுங்கியிருக்கிறதா என்பதையும் பார்த்தே தீர வேண்டும். 27 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட திம்பம் மலைப்பாதையில், பாரத்தோடு இறங்கும் வண்டியை எஞ்சின் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும்போது கியர் நியூட்ரலுக்கு நழுவினால், முழுச் சுமையும் ஏற்கெனவே சூடேறிய பிரேக்கின்மேல் விழும். செலவைக் குறைத்தவர் அந்த நேரத்தில் வீட்டில் இருக்கலாம். ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பவர் டிரைவர். பெட்டியை இறக்குமுன் அந்த டிரைவரைப் பாரத்தோடு ஓட்டிப் பார்க்கச் சொல்லி, எந்தக் கியரில் இரைச்சல், எதில் நழுவல், மேட்டிலா இறக்கத்திலா என்று கேட்டு எழுதி வைத்துக்கொண்டு, திறக்கும் நாளில் அவரையும் பட்டறைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.