கோல் அடிக்காதவன் பேரையும் வாசியுங்க!



போன மாசம் பக்கத்து ஊர்ப் பள்ளியோட நடந்த ஹாக்கி மேட்ச்சில் நாம 1-0 என்று ஜெயிச்சோம். மறுநாள் பிரேயரில் ஒரே ஒரு பேரைத்தான் வாசிச்சாங்க. கோல் அடிச்சவன் பேரு. அவன் என் பெஞ்சுக்காரன்தான், எனக்குப் பொறாமை இல்லை. (சரி, கொஞ்சம் இருந்துச்சு.) ஆனா அந்த ஒரு கோல் கடைசி விசில் வரைக்கும் எப்படி நின்னுச்சு? பின்னாடி ரெண்டு பேர் 'பேக்' ஆடினோம். அதில் ஒருத்தன் நான். முட்டிக் காயம் இன்னும் ஆறலை.

நம்ம கிரவுண்டில் ஒரு வழக்கம் இருக்கு. வேகமா ஓடுறவன் முன்னாடி, ஓட முடியாதவன் பேக். "நீ சும்மா பின்னாடி நில்லுடா" என்பாங்க. சும்மாவா நிக்கிறோம்?

திலீப் திர்க்கியைப் பற்றி எத்தனை பேருக்குத் தெரியும்? ஒடிசா மாநிலம் சுந்தர்கர் மாவட்டத்தில் சவுனமாரா என்கிற சின்ன கிராமத்தில் 1977-இல் பிறந்தவர். அந்தப் பக்கத்துக் கிராமங்களில் பிள்ளைகள் மூங்கில் கழியை ஸ்டிக்காக வெச்சு, செருப்புகூட இல்லாம ஆடுவாங்களாம். ஊர்ப் போட்டியில் ஜெயிச்சா பரிசு ஆட்டுக்கிடா! (நமக்கு எவர்சில்வர் டம்ளர்தான்.) அப்படிப்பட்ட ஊரிலிருந்து வந்து 1995 முதல் 2010 வரை இந்தியாவுக்காக 412 சர்வதேசப் போட்டிகள் ஆடினார். 1996, 2000, 2004 என மூணு ஒலிம்பிக். ஏதென்ஸில் அவர்தான் கேப்டன். இவ்வளவும் பேக் ஆடிக்கிட்டே!

மூணு ஒலிம்பிக் போயும் ஒரு பதக்கம்கூட கிடைக்கலை. 2000-இல் சிட்னியில் போலந்தை ஜெயிச்சா அரையிறுதி. இந்தியாவுக்குக் கோல் அடிச்சதே இந்த பேக் திர்க்கிதான். மேட்ச் முடிய ரெண்டு நிமிஷம்கூட இல்லாதப்போ போலந்து சமன் பண்ணிடுச்சு. 1-1. அதோட போச்சு. இதைப் படிச்ச அன்னிக்கு எனக்குச் சாப்பாடு இறங்கலை. முன்னாடி ஆடுறவன் பத்து வாய்ப்பை விட்டு ஒண்ணை அடிச்சா ஹீரோ. பேக் ஆடுறவன் அறுபது நிமிஷம் தடுத்துட்டு ஒரு தடவை விட்டா, "உன்னாலதான்டா போச்சு!"

பெனால்டி கார்னர் வந்தா என்ன ஆகும் தெரியுமா? கோல் கீப்பரோட சேர்த்து அஞ்சே பேர் கோல் கோட்டுக்குப் பின்னாடி நிக்கணும். மத்தவங்க நடுக்கோட்டுக்குப் போயிடணும். பந்தை உள்ளே தள்ளியதும் ஒருத்தன் அடிக்கிறவனை நோக்கி நேரா ஓடணும். பெரிய போட்டிகளில் அந்தப் பந்து நூறு கிலோமீட்டர் வேகத்துக்கு மேல வரும். அதே சுந்தர்கர் மாவட்டத்து அமித் ரோஹிதாஸ் அந்த ஓட்டத்துக்குப் பேர் போனவர். 2024 பாரிஸ் காலிறுதியில், பிரிட்டனோட ஆடும்போது, 17-ஆவது நிமிஷத்திலேயே அவருக்குச் சிவப்பு அட்டை. மிச்ச நேரம் முழுக்கப் பத்துப் பேர். அப்படியும் ஒரே கோல்தான் விட்டாங்க, 1-1. அப்புறம் ஷூட்-அவுட்டில் ஜெயிச்சு, கடைசியில் வெண்கலத்தோட வந்தாங்க. அந்த மேட்ச்சைச் சொன்னா எல்லாரும் கீப்பர் ஸ்ரீஜேஷைச் சொல்றாங்க. நியாயம்தான். ஆனா அவருக்கு முன்னாடி நின்ன பேக்குகள் பேரை நம்ம வகுப்பில் கேட்டேன், கேப்டன் ஹர்மன்பிரீத்தைத் தவிர ஒருத்தர் பேரும் வரலை. ஹர்மன்பிரீத் பேர் தெரியுறதும் அவர் கோல் அடிக்கிறதாலதான்!

2025 கடைசியில் சென்னையிலும் மதுரையிலும் ஜூனியர் உலகக் கோப்பை நடந்துச்சு. அண்ணன் போனில் பார்த்தேன். அதிலும் திரும்பத் திரும்பக் காட்டினது கோலைத்தான்.

திலீப் திர்க்கி 2022-இல் ஹாக்கி இந்தியா தலைவரானார். பேக் ஆடினவர் அவ்வளவு தூரம் போயிருக்கார். நான் அதெல்லாம் கேட்கலை. பி.டி. சாருக்கு ரெண்டே விண்ணப்பம். ஒண்ணு, ஜெயிச்சா பதினோரு பேர் பேரையும் வாசிக்கச் சொல்லுங்க, சார். ரெண்டு, பேக் ஆடுற எங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு ஜோடி ஷின் பேடுதான் இருக்கு. ஆளுக்கு ஒரு காலில் கட்டிக்கிறோம். எனக்கு இடது கால். வர்ற வெள்ளிக்கிழமை மேட்ச், வலது கால் என்ன ஆகப்போகுதோ தெரியலை.

இப்படிக்கு,
பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன் (லெஃப்ட் பேக்)