உமிழ்நீர்ச் சாதகம்

பிள்ளை பிறந்த நாழிகையைக் குறித்துக்கொண்டு சோதிடரிடம் ஓடுகிறவர்களைப் பார்த்து நகைக்கும் படித்தவர் கூட்டம் ஒன்று நம்மிடையே உண்டு. நாமும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்தாம். ஆயின், அந்தக் கூட்டத்தின் கைக்கே இப்பொழுது வேறொரு சாதகம் வந்து சேர்ந்திருக்கிறது. இதற்கு நாழிகை வேண்டியதில்லை, கிரகங்களும் வேண்டியதில்லை. ஒரு சிறு குழாயிலே உமிழ்நீரைத் துப்பி அஞ்சலில் அனுப்பிவிட்டால் போதும். இன்னாருக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு இவ்வளவு, மாரடைப்பு வரும் வாய்ப்பு இவ்வளவு என்று கணக்கிட்டு ஒரு புள்ளியைத் திருப்பி அனுப்பிவைப்பார்கள். பரம்பரை அபாயப் புள்ளி என்பது இதன் பெயர்.

சென்ற மார்கழி விடுமுறையில், காங்கேசன்துறைக்கு அண்மையிலுள்ள வாசிகசாலை ஒன்றில், வெளிநாட்டிலே வைத்தியராக இருக்கும் நம்மூர் அன்பர் ஒருவர் இதுபற்றிப் பேசினார். படங்களைக் காட்டி அழகாகவே பேசினார். வருங்கால வைத்தியம் இதுதான் என்றார். ஊரவர் அனைவருக்கும் இப்பரிசோதனையைச் செய்துவிட ஒரு நிதி திரட்டலாம் என்றும் கூறினார். கூட்டத்தில் இருந்தோரிற் பெரும்பாலோர் 1990 ஜூனில் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு ஊரைவிட்டு வெளியேறி, முகாம்களிலும் உறவினர் வளவுகளிலும் இருபது இருபத்தைந்து ஆண்டுகளைக் கழித்துவிட்டுத் திரும்பியவர்கள். பேச்சு முடிந்ததும் முன்வரிசையில் இருந்த அம்மா ஒருவர் எழுந்தார்.

“டொக்டர் தம்பி, எனக்குச் சீனி வருத்தம். இது அம்மாவாலை வந்ததோ, முகாமாலை வந்ததோ?”

அன்பர் நேர்மையானவர். “இரண்டாலையுந்தான் அம்மா” என்றார்.

“அப்ப முகாமை அளக்கிறதுக்கு என்ன வைச்சிருக்கிறியள்?”

அவர் சிரித்தார், சபையும் சிரித்தது, தேநீர் வந்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அம்மாவின் கேள்விக்கு அன்று கிடைக்காத விடையை நாடியே இதனை எழுதுகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகக் கூறிவிடல் வேண்டும். நாம் பரம்பரையியலின் விரோதிகள் அல்லர். தலசீமியா என்னும் குருதி நோய் ஒரு பரம்பரையலகின் பழுதால் வருவது. தாயும் தந்தையும் அப்பழுதைச் சுமப்பவராயின் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. இதனை முன்கூட்டி அறிதல் பெருநன்மை. நம் நாட்டில் குருநாகலிலே இதற்கெனவே ஒரு தேசிய நிலையம் இயங்குகிறது. அதனைப் பழிப்பவன் மூடன். ஆனால் நீரிழிவும் மாரடைப்பும் அத்தகைய நோய்கள் அல்ல. அவற்றுக்கு ஒரு பழுது இல்லை. ஆயிரமாயிரம் சிறு வேறுபாடுகள் உண்டு. பல இலட்சம் பேரின் டீ.என்.ஏ.யை எடுத்து, நோயுற்றோர் ஒருபுறம், நோயற்றோர் ஒருபுறம் எனப் பிரித்து, எந்த இடத்து எழுத்து நோயுற்றோரிடம் சற்றே மிகுந்து காணப்படுகிறது என்று பார்க்கிறார்கள். ஓரிடத்தின் பங்கு துளியினும் துளி. அத்துளிகளையெல்லாம் கூட்டினால் வருவதே அந்தப் புள்ளி. 2018இல் அமித் கேரா, சேகர் கதிரேசன் முதலியோர் அமெரிக்காவிலிருந்து வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில், இதயநாடி நோய் ஒன்றுக்கு மாத்திரம் 66 இலட்சம் இடங்கள் கூட்டப்பட்டன. நூற்றுக்கு எட்டுப் பேர் ஏனையோரைவிட மூன்று மடங்கும் அதற்கு மேலும் அபாயம் உடையோர் என்று அவ்வாய்வு கூறிற்று. (கதிரேசன் என்ற பெயரைக் கண்டதும் நம்மவர் என்று மகிழ்ந்தோரும் உண்டு. மகிழட்டும்.)

மூன்று மடங்கு! கேட்டவர் நெஞ்சு திடுக்கிடத்தான் செய்யும். ஆனால், ஒரு கூட்டத்துக்கும் இன்னொரு கூட்டத்துக்கும் இடையிலுள்ள மடங்கு வேறு. ஒருவரை நோக்கி ‘உமக்கு வரும், உமக்கு வராது’ என்று பிரித்துச் சொல்லும் வல்லமை வேறு. இவ்வேறுபாட்டைத்தான் மேடைகளில் விழுங்கிவிடுகிறார்கள். 2023இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த ஆய்வாளர் சிலர், ஏற்கெனவே வெளியான 926 புள்ளிகளை எடுத்து உரைத்துப் பார்த்தார்கள். இதயநாடி நோய்க்கு வந்த விடை இது: நோய் வராத நூறு பேரில் ஐவரை வீணே அச்சுறுத்துவதற்கு நாம் உடன்பட்டால், நோய் வரப்போகும் நூறு பேரில் பன்னிருவரை இப்புள்ளி காட்டிக்கொடுக்கும். எஞ்சிய எண்பத்தெட்டுப் பேர்? அவர்கள் ‘நமக்கொன்றும் இல்லை’ என்ற நிம்மதியோடு வீட்டுக்குப் போவார்கள். வாசகர்கள் ஒரு கணம் சிந்திக்க வேண்டும். நூறு மீனவர் கடலுக்குப் போகிறார்கள். புயல் பன்னிருவருக்குத்தான் சொல்லப்படுகிறது. இதனை எந்தத் துறைமுகத்தில் எச்சரிக்கை என்று ஏற்பார்கள்?

இதுவும் வெள்ளையர் நாட்டுக் கணக்கு. நம்மிடம் வரும்போது என்ன ஆகிறது? 2019இல் அலிசியா மார்ட்டின் முதலியோர் எழுதிய கட்டுரை ஒன்று இதனை விளக்கியது. உலக மக்களில் ஐரோப்பிய வழியினர் நூற்றுக்குப் பதினாறு பேர் அளவே. ஆனால் இவ்வகை ஆய்வுகளில் இடம்பெற்றோருள் நூற்றுக்கு எழுபத்தொன்பது பேர் அவர்கள். அவர்களிடம் பழகிய புள்ளியைத் தெற்காசியரிடம் வைத்துப் பார்த்தால் அதன் துல்லியம் மூன்றில் ஒரு பங்குக்கு மேலாகக் குறைந்துபோகிறது. உலக மக்களின் மரபுவகைகளைத் தொகுத்த ‘ஆயிரம் மரபணுத்தொகுதி’த் திட்டம் 2015இல் முடிவுற்றபோது, 26 மக்கட்கூட்டங்களிலிருந்து 2,504 பேர் அதில் இருந்தனர். ஈழத்தமிழருக்கும் அதிலே ஓர் இடமுண்டு: ‘பிரித்தானியாவில் வாழும் இலங்கைத் தமிழர்’ என்ற பெயரில் 102 பேர். பெயரைக் கவனியுங்கள். விமானச் சீட்டு வாங்கி லண்டன் போய்ச் சேர முடிந்தவர்கள்தாம் அங்கு நம்மினத்தின் மாதிரி. தண்ணீருக்கு வரிசையில் நின்றவர்கள் அல்லர்.

‘அப்படியானால் இன்னும் பல தமிழரின் குருதியைச் சேர்ப்போம், புள்ளி திருந்திவிடும்’ என்று விடை கூறுவர். திருந்தும். நாமும் மறுக்கவில்லை. ஆனால் திருந்திய புள்ளியும் அம்மாவின் முதற் பாதிக் கேள்விக்கே விடை சொல்லும்.

நம்மவரின் நோயைப் பற்றி உண்மையில் என்ன எண்ணி வைத்திருக்கிறோம் என்று பார்த்தால் வெட்கமே மிஞ்சுகிறது. இலங்கையில் நீரிழிவு எவ்வளவு என்று கேட்டால் பல காலமாக எல்லோரும் காட்டிவந்தது 2005-2006இல் நடந்த ஒரு நாடளாவிய கணக்கெடுப்பை. இருபது வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு நீரிழிவு என்றது அது. ‘நாடளாவிய’ என்கிறோம், ஏழு மாகாணங்களை அளாவியது. வடக்கும் கிழக்கும் போர் காரணமாக விடப்பட்டன. குறுதிச் சொட்டு ஒன்றை எடுத்து நம் சனங்களின் சீனியை எண்ணுவதற்கே வழியில்லாதிருந்த காலம் அது. இன்று அதே சனங்களின் பரம்பரையலகுகளை 66 இலட்சம் இடங்களில் எண்ணித் தரப் புறப்பட்டிருக்கிறோம்!

இனி முகாமுக்கு வருவோம். நோயின் வேர் சூழலில் இருப்பதை அளக்க இயலாது, குருதியில் இருப்பதைத்தான் அளக்கலாம் என்று எண்ணுவோருக்கு ஓர் உதாரணம். பிரித்தானியாவில் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வந்த சீனிப் பங்கீடு 1953 செப்டெம்பரில் நீக்கப்பட்டது. நீக்கியதும் ஓர் ஆள் உண்ணும் சீனி ஏறத்தாழ இரட்டித்தது. அதற்குச் சற்று முன்னும் சற்றுப் பின்னும் பிறந்தவர்கள் ஒரே நாட்டார், ஒரே பரம்பரையினர். இடையில் மாறியது ஓர் அரசாங்க ஆணை மாத்திரமே. 2024இல் வெளியான ஆய்வொன்று, தாய் வயிற்றிலும் முதலிரு வயதுகளிலும் பங்கீட்டுக் காலத்தில் வளர்ந்தவர்களுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் அபாயம் மூன்றில் ஒரு பங்களவு குறைந்திருந்ததெனக் கண்டது. இரத்த அழுத்தமும் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அந்த ஆய்வுக்கு எடுத்தாளப்பட்டது எது தெரியுமா? ‘யூ.கே. பயோபாங்க்’ என்ற அதே உயிர்மாதிரி வங்கி. பரம்பரை அபாயப் புள்ளிகளைப் பழக்கியெடுத்த அதே ஐந்து இலட்சம் பேர்! ஒரே களஞ்சியத்தைத் திறந்து ஒருவர் குருதியைக் கண்டார். இன்னொருவர் பங்கீட்டு அட்டையைக் கண்டார். நம் மேடைக்கு வந்து சேர்ந்தது முன்னதுதான்.

குடாநாட்டில் 1990க்குப் பின் விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையை இளையவர்கள் கதையாகக் கேட்கிறார்கள். நாம் பிறந்ததே அக்காலத்தில். மண்ணெண்ணெய் இல்லை, சவர்க்காரம் இல்லை, மருந்து இல்லை. நிவாரணமாக வந்த அரிசியும் கோதுமை மாவும் சீனியும் பருப்புமே உணவு. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் பாலங் கடந்து தென்மராட்சிக்கு நடந்தது. அவ்விரவில் வயிற்றுப் பிள்ளையோடு நடந்த தாய்மார் எத்தனை பேர்! புனேயில் டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக் 1993 முதல் கிராமத்துத் தாய்மாரையும் அவர்தம் பிள்ளைகளையும் தொடர்ந்து ஆராய்ந்து வருகிறார். அங்கு பிறந்த குழந்தைகளின் சராசரி எடை ஏறத்தாழ 2.7 கிலோ, இங்கிலாந்துக் குழந்தைகளின் எடை 3.5 கிலோ. தசை வற்றியிருந்தும் கொழுப்பு மாத்திரம் அவ்வளவாகக் குறையாத உடலமைப்போடு அக்குழந்தைகள் பிறந்தன. வயிற்றிலே பட்டினி, பின்னே வெளுத்த மாவும் சீனியும் என்ற இந்தச் சேர்க்கைதான் நீரிழிவுக்கு வாசல் திறக்கிறது என்பது அவ்வழி ஆராய்ந்தோரின் கருத்து. தடைக்காலத்தில் இங்கு பிறந்தவர்களுக்கு இப்பொழுது முப்பது முப்பத்தைந்து வயது. அவர்களின் பிறப்பெடை எங்கே? எத்தனையோ குடும்பங்களின் பெட்டகங்களோடு அந்த அட்டைகளும் போய்விட்டன. எஞ்சியவற்றையேனும் தேடித் தொகுத்து, அவர்களின் சீனியையும் அழுத்தத்தையும் இன்று அளந்து ஒப்புநோக்க ஒரு நிதி திரட்டுவோமென்று எந்த மேடையிலாவது கேட்டதுண்டா?

ரிச்சர்ட் லெவொன்டின் என்ற பரம்பரையியல் அறிஞர் 1970இல் விதைச் சோளத்தைக் கொண்டு ஒரு விளக்கம் சொன்னார். நம்மூருக்கு அதை வெங்காயமாக மாற்றிக்கொள்ளலாம். ஒரே மூட்டை விதை வெங்காயத்தில் ஒரு பிடியைச் செம்மண்ணிலும் ஒரு பிடியை உவர்நிலத்திலும் நடுங்கள். ஒரே பாத்திக்குள் ஒன்று பெருத்து ஒன்று சிறுத்தால், அது விதையின் குணமாகலாம். ஆனால் உவர்நிலத்து வெங்காயம் முழுவதுமே சிறுத்திருக்கிறதே, அதற்கும் விதையையா குறை கூறுவது? நம் கமக்காரன் அப்படிக் கூறமாட்டான். படித்தவன்தான் கூறுகிறான்.

இப்புள்ளியால் நன்மை வராவிட்டாலும் தீங்கு என்ன, பயத்திலாவது நாலு பேர் நடப்பார்கள், பாணைக் குறைப்பார்கள் என்று கருதுவோர் உண்டு. அதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். டீ.என்.ஏ.யைக் கொண்டு கணித்த அபாயத்தை அறிவித்த 18 ஆய்வுகளை 2016இல் ஒருங்கே திரட்டிப் பார்த்தபோது, புகைத்தலோ உணவோ உடற்பயிற்சியோ அதனால் மாறியதாகக் காணவில்லை. தீங்கோ கண்முன்னே நிற்கிறது. செவ்வாய்க் குற்றம் என்று சொல்லி எத்தனை பெண்களை வீட்டில் இருத்தினோம்! சீதனப் பேச்சு நடக்கும் விறாந்தையில் நாளை தரகர் இன்னொரு தாளையும் கேட்கமாட்டாரா? ‘பெண்ணுக்குச் சலரோகப் புள்ளி தொண்ணூறாமே’ என்று ஒரு வீட்டார் எழுந்து போகமாட்டார்களா? ஆணின் புள்ளியை எவரும் கேட்கப் போவதில்லை என்பதும் நமக்குத் தெரியும். ‘இன்ன சாதிக்கு இன்ன குருதி’ என்ற பழைய விஷத்துக்கும் இங்கே புதுக் குப்பி கிடைக்கும். காப்புறுதிக்காரரும் வருவர், பரம்பரைத் தகவலால் பாகுபாடு காட்டலாகாதென்று அமெரிக்கா 2008இல் இயற்றிய சட்டங்கூட ஆயுட் காப்புறுதியைத் தொடவில்லை. உமிழ்நீர் வாங்கும் கம்பனிகளுள் பெயர்பெற்ற ‘டுவென்டித்ரீ அன்ட் மீ’யிலிருந்து 2023இல் ஏறத்தாழ 69 இலட்சம் பேரின் விவரங்கள் களவு போயின. 2025 மார்ச்சில் அக்கம்பனி முறிந்து நீதிமன்றத்தை நாடியது; வாடிக்கையாளரின் டீ.என்.ஏ. விவரங்களும் அதன் சொத்துக்களோடு ஏலத்துக்கு வந்தன. அவ்வாறு துப்பி அனுப்பியவர்களுள் கனடாவிலும் லண்டனிலும் உள்ள நம் உறவினரும் இருத்தல்கூடும்.

ஆயினும், இவை எல்லாவற்றையும்விட நம்மை வருத்துவது வேறொன்று. புள்ளி ஒன்றைக் கையில் கொடுத்ததும் பழி இடம் மாறிவிடுகிறது. முப்பது ஆண்டுகளாகத் தோட்டமின்றி, கடலின்றி, சீமேந்துத் தொழிற்சாலை வேலையுமின்றி ஒரு சனத்தை நிவாரண மாவில் உட்கார வைத்தவர்கள் யார் என்ற கேள்வி மறைந்து, ‘உம்முடைய குருதி அப்படி’ என்ற விடை வந்துவிடுகிறது. 1950இல் புகைபோக்கி எழும்பிய அத்தொழிற்சாலை 1990இல் நின்றது. கல் அகழ்ந்த குழிகள் இன்னும் வாய்பிளந்து கிடக்கின்றன. திரும்பி வந்தோரிற் சிலரின் காணி இன்றும் வேலிக்கு அப்பால் இருக்கிறது. காணியில்லாதவன் எங்கே கீரை நடுவான்? காலையிற் கடைப் பாணும் சம்பலும், இரவிலும் கோதுமை மாவே. இதை அறிய உமிழ்நீர் வேண்டாம்.

அரசாங்கத்தின் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்கள் 2011 முதல் நடக்கின்றன. சீனியும் அழுத்தமும் எடையும் அங்கே இலவசமாகப் பார்க்கலாம். பெண்கள் போகிறார்கள், ஆண்கள் வேலைநேரம் என்று சொல்லிப் போவதில்லை. கூலிக்குப் போகிறவனுக்கு ஒரு காலை என்பது ஒரு நாட் சம்பளம். மாலை ஆறு மணிக்கு மீன் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு மேசையைப் போட்டு, ஒரு அளவுநாடாவும் அழுத்தமானியும் குருதிச் சீனி பார்க்கும் கீலங்களும் வைத்தால், புள்ளி தவறவிடும் அந்த எண்பத்தெட்டுப் பேரிற் பலரை அங்கே பிடிக்கலாம்.

விடுமுறை முடிந்து அன்பர் திரும்பிச் சென்றபின் இவ்விவரங்களையெல்லாம் எழுதி அவருக்கு ஒரு கடிதம் அனுப்பினோம். திரட்டும் நிதியில் கீலங்கள் வாங்கித் தரும்படியும், தடைக்காலத்துப் பிறப்பெடை அட்டைகளைத் தேடித் தொகுப்பதற்குப் பழைய மாணவர்கள் சிலர் முன்வந்திருப்பதாகவும், அவ்வேலைக்கு வழிகாட்டும்படியும் கேட்டிருந்தோம். அம்மாவின் இரண்டாவது கேள்வியையும் மறவாமல் மீண்டும் எழுதினோம். பதில் இன்னும் வரவில்லை. நல்ல மனிதர், எழுதுவார் என்றே நம்புகிறோம்.