வீட்டைத் திருத்த ஊரைக் கேட்க வேண்டுமா?

வீடு என்னுடையது. காணி என்னுடையது. இருபது வருடங்களாக வங்கிக்குக் கட்டித் தீர்த்த கடனும் என்னுடையதே. அவ்வாறிருக்க, ஒரு யன்னலை மாற்றுவதற்கும் பின்புறத்தில் ஒரு குளியலறை கட்டுவதற்கும் நான் ஏன் அடுத்தவரிடம் அனுமதி கேட்க வேண்டும்? இந்தக் கேள்வியை ஒரு தடவையாவது கேட்காத வீட்டுக்காரர் எந்த நாட்டிலும் இருக்கமாட்டார்.

இங்கிலாந்தில் இதற்கான பதிலைப் பாராளுமன்றம் 1947 ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது. அவ்வருடத்து நகர, நாட்டுத் திட்டமிடல் சட்டம் காணியின் உரிமையை உரிமையாளரிடமே விட்டுவிட்டு, அதனை அபிவிருத்தி செய்யும் உரிமையை மாத்திரம் அரசின் கைக்கு மாற்றியது. அதாவது நிலம் உனது, ஆனால் அதன் முகம் ஊருக்கும் உரியது என்பதே அச்சட்டத்தின் உட்பொருள். இரண்டு வருடங்களின் பின்னர், 1949 இல், தேசியப் பூங்காக்கள் சட்டம் வந்தது. 1951 ஏப்ரலில் மான்செஸ்ரருக்கும் ஷெஃபீல்டுக்கும் இடைப்பட்ட மலைப்பிரதேசமான பீக் டிஸ்ரிக்ட், முதலாவது தேசியப் பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. பூங்கா என்றவுடன் நாம் யாலவையும் வில்பத்துவையும் நினைத்துக்கொள்வோம். அங்கே நிலைமை வேறு. இங்கிலாந்தின் பத்துத் தேசியப் பூங்காக்களுக்குள்ளும் கிராமங்கள் இருக்கின்றன, பாடசாலைகளும் மதுக்கடைகளும் ஆட்டுப் பண்ணைகளும் இருக்கின்றன. நிலத்தின் பெரும்பகுதி தனியாருக்கே சொந்தம். இவை தவிர, எழில்மிகு பிரதேசங்கள் என்று வகுக்கப்பட்டு, 2023 நவம்பரில் தேசிய நிலப்பரப்புகள் எனப் பெயர் மாற்றப்பட்ட மேலும் முப்பதுக்கு மேற்பட்ட பகுதிகளும் அந்நாட்டில் உள்ளன.

இத்தகைய ஒரு பகுதியில்தான் என் பழைய நண்பர் வாழ்கின்றார். ஒரு காலத்தில் ஒரே ஆசிரியபீடத்தில் ஒரே மேசையின் இரு பக்கங்களிலும் அமர்ந்து செய்திகளைச் செம்மைப்படுத்தியவர்கள் நாங்கள். 1983 இன் பின்னர் அவர் கடல் கடந்தார், நான் இங்கேயே தங்கினேன். கடை நடத்தி, பிள்ளைகளைப் படிப்பித்து, இளைப்பாறிய பின்னர் வட இங்கிலாந்தில் ஒரு மலையடிவாரக் கிராமத்தில் பழைய கல்வீடு ஒன்றை வாங்கினார். ஊரின் பெயரை எழுதவேண்டாம் என்று கேட்டிருக்கின்றார். 2025 கோடையில் அவரிடம் சென்று சில வாரங்கள் தங்கியிருந்தபோதுதான் இந்த விவகாரம் முழுவதையும் கடதாசிகளோடு பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. பத்திரிகைக்காரனுக்கு விடுமுறையிலும் கடதாசிதான்.

அவருடைய துணைவியாருக்கு இரண்டு முழங்கால்களும் இயலாமற் போய்விட்டன. படுக்கையறையும் குளியலறையும் மேல்மாடியில். படிகளோ செங்குத்தானவை. கீழ்த்தளத்தில் ஒரு படுக்கையறையும் சிறிய குளியலறையும் சேர்த்துக் கட்டிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நண்பர் நினைத்தார்.

அந்த வீடு ஆதியில் வீடல்ல. வைக்கோலும் மாடுகளும் இருந்த கற்களஞ்சியம். பல வருடங்களுக்கு முன்னர் அதனை வீடாக மாற்ற அனுமதி வழங்கியபோதே, சாதாரண வீட்டுக்காரருக்குள்ள சிறு சலுகைகள் யாவற்றையும் ஒரு நிபந்தனை மூலம் நீக்கிவிட்டிருந்தார்கள். சாதாரணமாக அங்கே தனி வீடொன்றின் பின்புறம் நான்கு மீற்றர் வரை ஒற்றைத் தளமாக நீட்டிக் கட்டுவதற்கு விண்ணப்பம் தேவையில்லை. பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் அந்தச் சலுகையும் சுருங்கும். பக்கவாட்டில் நீட்ட முடியாது, கூரையில் மாட யன்னல் எழுப்ப முடியாது, வெளிச்சுவரைக் கல்லாலோ பலகையாலோ புதிதாகப் போர்த்த முடியாது. இவை ஒவ்வொன்றுக்கும் அனுமதி வேண்டும். களஞ்சியமாக இருந்து வீடானவற்றுக்கோ பெரும்பாலும் எதுவுமே இல்லை. ஒரு கண்ணாடிக் கதவை மாற்றவும் கேட்டாக வேண்டும்.

முதலில் குறுக்கே வந்து நின்றது வௌவால். பழைய கூரைகளில் வௌவால்கள் வாழக்கூடும். அங்கே அனைத்து வௌவால் இனங்களும் சட்டத்தினால் பாதுகாக்கப்பட்டவை. ஆகவே விண்ணப்பத்தோடு ஆய்வறிக்கை வேண்டும். மாலையில் வௌவால்கள் வெளியேறுவதைப் பார்த்து எண்ணும் அந்த ஆய்வை மே மாதத்திற்கும் செப்டெம்பருக்கும் இடையில்தான் செய்யமுடியும். நண்பர் தொடங்கியது 2024 ஒக்டோபரில். குளிர்காலம் முழுவதும் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. "மச்சான், இந்த நாட்டிலை வௌவாலுக்கு இருக்கிற சட்டம் எனக்கு இல்லை" என்று அவர் சொன்னபோது சிரிப்பு வந்தது. ஆனால் அந்தக் குளிர்காலம் முழுவதும் ஒரு மூதாட்டி படியில் அமர்ந்து அமர்ந்து ஏறி இறங்கியிருக்கின்றார் என்பதை நினைத்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

பிறகு விண்ணப்பம். 2025 ஏப்ரல் முதல் வீட்டுத் திருத்தம் ஒன்றுக்கான விண்ணப்பக் கட்டணம் 258 பவுணிலிருந்து 528 பவுணாக உயர்ந்துவிட்டது. உடல் இயலாதவரின் வசதிக்காகச் செய்யப்படும் திருத்தத்திற்குக் கட்டணம் இல்லை என்பதால் நண்பர் தப்பித்தார். சட்டத்தின் கருணை இந்த இடத்தில் நின்றுவிடுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். முழங்காலுக்காகக் கட்டணத்தை மன்னிப்பார்கள், அனுமதியை மன்னிப்பதில்லை.

எட்டு வாரங்களுக்குள் முடிவு சொல்லவேண்டும் என்பது விதி. எட்டாவது வாரத்தில் மறுப்புக் கடிதம் வந்தது. நான் அதனை மூன்று தடவை வாசித்தேன். மலைச்சரிவிலுள்ள பொது நடைபாதையிலிருந்து பார்க்கும்போது பக்கவாட்டுக் கட்டடம் கண்ணுக்குத் தெரியும், தட்டைக் கூரை அப்பகுதிக் களஞ்சியங்களின் எளிய வடிவத்துக்கு ஒவ்வாதது என்று இரண்டு காரணங்கள். துணைவியாரின் நிலையைக் கருத்திற் கொண்டதாகவும், எனினும் கட்டடம் அவருடைய தேவைக்குப் பின்னரும் நிலைத்திருக்கும் என்பதால் அது தீங்கை விஞ்சவில்லை என்றும் ஒரு வாக்கியம் இருந்தது. ஆங்கிலத் திட்டமிடல் மரபில் இது புதிய வாதமல்ல. மனிதர் போய்விடுவார், சுவர் நிற்கும் என்பதே அதன் தர்க்கம். தர்க்கத்தில் பிழையில்லை. ஆயினும் எழுபத்தாறு வயதுப் பெண்மணி ஒருவரின் கையில் அக்கடிதத்தைக் கொடுத்துப் பார்த்தவனுக்கு அதனை ஏற்றுக்கொள்வது எளிதல்ல.

இங்கே என் அபிப்பிராயத்தைத் திறந்து சொல்லிவிடுகின்றேன். இந்தக் கட்டுப்பாடுகள் வேண்டியவை. அந்த மலைச்சரிவில் நின்று நானும் பார்த்தேன். கற்சுவர்களால் கோடு கீறப்பட்ட பச்சை வயல்கள், ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு களஞ்சியம். ஒருவர் தட்டைக் கூரையும் வெள்ளைப் பிளாஸ்ரிக் யன்னலும் வைத்தால் அடுத்தவரைத் தடுப்பதற்கு நியாயம் இராது. 1932 ஏப்ரலில் கின்டர் ஸ்கவுட் மலையில் தொழிலாளர்கள் தடையை மீறி நடந்து, அவர்களிற் சிலர் சிறை சென்றதும் அந்தக் காட்சியை அனுபவிக்கும் உரிமைக்காகத்தான். தொழிற்சாலைப் புகைக்குள் வாழ்ந்தவனின் சொத்து அது. ஆகவே "என் காணி, என் இஷ்டம்" என்ற வாதத்தோடு எனக்கு உடன்பாடில்லை. சரே பகுதியில் விவசாயி ஒருவர் வைக்கோற் பொதிகளை மலைபோல் அடுக்கி, அதன் மறைவில் கோட்டை போன்ற வீடொன்றைக் கட்டி, 2006 இல் பொதிகளை விலக்கிக் காட்டிய கதையைப் பலர் அறிவார்கள். நான்கு வருடங்கள் கழிந்துவிட்டால் நடவடிக்கை எடுக்கமுடியாது என்று அன்றிருந்த விதியை நம்பியே அவ்வாறு செய்தார். நீதிமன்றம் ஏற்கவில்லை. 2016 இல் வீடு இடிக்கப்பட்டது. அந்த நான்கு வருட விதியும் 2024 ஏப்ரலில் பத்து வருடங்களாக நீண்டுவிட்டது.

ஆனால் காட்சியைப் பாதுகாப்பதும் கிராமத்தைப் பாதுகாப்பதும் ஒன்றல்ல. 1995 ஆம் ஆண்டின் சுற்றாடல் சட்டம், தேசியப் பூங்கா அதிகாரசபைகள் அங்கு வாழும் சமூகத்தின் பொருளாதார, சமூக நலனையும் பேணவேண்டும் என்று கூறுகின்றது. எனினும் அது ஒரு கடமையாகத்தான் சொல்லப்பட்டிருக்கின்றதே தவிர, இயற்கையழகைப் பேணுவதற்குச் சமமான நோக்கமாக அல்ல. விளைவை நண்பரின் கிராமத்தில் கண்டேன். வீதியில் பாதி வீடுகள் வார நாட்களில் இருண்டு கிடக்கின்றன. அவை விடுமுறைக்கு வாடகைக்கு விடப்படுபவை. கல் மாறவில்லை, கூரை மாறவில்லை, யன்னற் சட்டத்தின் நிறம்கூட மாறவில்லை. பால் கறந்தவனின் பேரன் மாத்திரம் பட்டணத்தில் வாடகை அறையில் இருக்கின்றான். நண்பரின் விண்ணப்பத்துக்கு வந்த ஒரேயொரு ஆட்சேபணையும் அத்தகைய விடுமுறை வீடொன்றின் சொந்தக்காரரிடமிருந்து வந்ததே. வருடத்தில் மூன்று வாரம் அங்கிருப்பவரின் கண்ணுக்கும் முந்நூற்று அறுபத்தைந்து நாளும் படியேறுபவரின் காலுக்கும் ஒரே எடை போடுவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. நிரந்தரமாக வாழ்பவரின் உடல்நிலைத் தேவை என்றால், மறுப்பதற்கு முன்னர் அதிகாரி நேரில் வந்து "இப்படிக் கட்டினால் தரலாம்" என்று மாற்றுவழி சொல்லவேண்டும் என்ற ஒரு விதியைச் சேர்ப்பதில் எந்த மலையும் இடிந்துவிடாது.

இவ்வளவும் சொன்ன பிறகு, அந்த முறையின் வேறொரு முகத்தையும் சொல்லாவிட்டால் அநீதி. விண்ணப்பம் கிடைத்ததும் வாசலில் ஓர் அறிவித்தல் கட்டப்பட்டது. இருபத்தொரு நாட்களுக்குள் யாரும் கருத்துச் சொல்லலாம். வரைபடம், அயலவர் எழுதியவை, கிராம சபையின் ஆதரவுக் கடிதம், அதிகாரியின் அறிக்கை ஆகிய அனைத்தையும் எவரும் இணையத்தில் பார்க்கலாம். நான் கொழும்பிலிருந்தும் பார்த்தேன். மறுப்பு என்றால் காரணம் எழுத்தில் இருக்கவேண்டும். பன்னிரண்டு வாரங்களுக்குள் திட்டமிடல் பரிசோதகரிடம் மேன்முறையீடு செய்யலாம், அதற்குக் கட்டணமில்லை. நண்பர் மேன்முறையீடு செய்யவில்லை. காரணங்கள் கையில் இருந்தபடியால் அவற்றுக்கே பதில் சொல்லும் விதத்தில் வரைபடத்தை மாற்றினார். கட்டடத்தைப் பக்கத்திலிருந்து பின்புறத்திற்கு நகர்த்தி, சாய்வான கற்கூரையும் மரச் சட்ட யன்னலும் வைத்து மீண்டும் விண்ணப்பித்தார். 2025 ஒக்டோபரில் அனுமதி கிடைத்தது. ஒரு குளியலறைக்கு ஒரு வருடம்! ஆனால் அந்த ஒரு வருடத்தில் அவர் யாருடைய வீட்டு வாசலிலும் நிற்கவில்லை, யாருக்கும் போத்தல் வாங்கிக் கொடுக்கவில்லை.

எமது கதைக்கும் அந்தக் கதைக்கும் தொடர்பில்லை என்று எண்ணவேண்டாம். பிரித்தானியரின் 1947 ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு ஒரு வருடம் முந்தியே, 1946 இல், இலங்கையில் நகர, நாட்டுத் திட்டமிடல் கட்டளைச் சட்டம் வந்துவிட்டது. இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தைக் காப்பதற்கான சபையை 1926 இல் தோற்றுவிப்பதில் முன்னின்ற அதே பற்றிக் அபெர்குரொம்பிதான் பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்தைத் திட்டமிட்டவர். ஹந்தானை மலைத்தொடரைப் பின்னணியாக வைத்து, அதனை மறைக்காதவாறு கட்டடங்களை அமர்த்திய அந்த வளாகத்தின் அழகுக்கு அவருடைய கண்ணும் ஒரு காரணம். அந்த ஹந்தானை 2010 இல் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது.

மலைநாட்டில் வீடு கட்டவும் நீட்டவும் இன்று பிரதேச சபையின் அனுமதி, மண்சரிவு அபாயம் பற்றித் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசு எனப் பல கடதாசிகள் தேவை. தேவையில்லை என்று யாரும் சொல்லமுடியாது. 2014 ஒக்டோபரில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் போனதைப் பார்த்தோம். அது ஆபத்தான சரிவு என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கப்பட்டவர்களுக்குப் போவதற்குக் காணி இருக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மண்சரிவுகள் நூற்றுக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோயின. இங்கிலாந்தில் அனுமதி காட்சிக்காக, இங்கே அனுமதி உயிருக்காக.

உயிருக்கான அந்த அனுமதியைத்தான் நாம் மூடிய அறைக்குள் வைத்திருக்கின்றோம். ஐம்பது வருடத்துக்குக் கிட்டிய பத்திரிகை வாழ்க்கையில், மேல் சரிவில் கட்டப்படவிருக்கும் கட்டடத்தின் வரைபடத்தைக் கீழே குடியிருப்பவருக்குக் காட்டிக் கருத்துக் கேட்கும் அறிவித்தலை எந்தப் பிரதேச சபையின் பலகையிலும் நான் கண்டதில்லை. வெட்டிய மண்ணும் திருப்பிய நீரும் வந்து விழுவது அவருடைய முற்றத்தில். லயன் அறைக்கு முன்னால் ஒரு தகரத் தாழ்வாரம் இறக்கத் தோட்ட நிர்வாகத்தைக் கெஞ்சவேண்டியவருக்கு, அதே மலையின் உச்சியில் எழும் மூன்று மாடி விடுதிக்கு யார், எந்த அடிப்படையில் கையெழுத்திட்டார் என்பது தெரியாது.

இதற்குப் புதிய சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கின்றது. உங்கள் வீட்டுக்கு மேலேயுள்ள சரிவில் மண்வெட்டும் இயந்திரம் ஏறினால், பிரதேச சபையின் தகவல் அலுவலரிடம் அந்தக் கட்டடத்தின் அனுமதியையும் மண்சரிவு அறிக்கையையும் எழுத்தில் கேளுங்கள். தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர் அறிவிக்கவேண்டும். மறுத்தால் காரணத்தையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மழைக்காலம் வருமுன் கேட்பது நல்லது.